ருஷ்தாவின் கடைசித் தூள்

அத்தியாயம் 7

“இதில எத்தனை பவுண் தேறும்?”

செசிலியா ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். உள்ளே ஒரு தேக்கரண்டி அளவு, தங்கம் ஏற்றிய தூள். சாம்பல் கலந்த கத்தரிப்பூ நிறம்.

“ஒரு மூக்குத்திக்கும் காணாது,” என்றான் மயூரதன். சிரிக்கவில்லை.

பேராதனையிலிருந்து கலஹா போகும் வீதியில், மலைச்சரிவில் இருந்தது அந்த ஆய்வு நிலையம். மயூரதன் அங்கே இரசாயனவியலாளன். விசாரணை முடியும்வரை அவன் ஆய்வுகூடத்துக்குள் வரலாம், ஆனால் எந்த வேலையும் செய்யக்கூடாது என்று உத்தரவு. ஆகவே அவன் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றான், வேறு யாருடைய வீட்டிலோ நிற்பவனைப் போல.

அவனுக்கு எதிரே, கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தவர் ஹலீம். காப்புறுதிக் கம்பனியொன்றில் நட்ட மதிப்பீட்டாளராகத் தலை நரைத்த பிறகு, கட்டுகஸ்தோட்டையில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். எரிந்த கடையைப் பார்த்தே அது எரிந்ததா எரிக்கப்பட்டதா என்று சொல்லக்கூடியவர் என்று பெயர். செசிலியா அவருடைய உதவியாளர். சொந்த ஊர் குருநகர். வாய் ஓயாது. அவள் பேசும்போது எதிரிலிருப்பவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனிப்பதே ஹலீமின் பாதித் தொழில்.

அவர்களை இங்கே அனுப்பியவள் ஜஹானா என்ற பாடசாலை ஆசிரியை. அவளுடைய அக்கா ருஷ்தா இதே கூடத்தின் தலைவியாக வேலை செய்தவள். போன நோன்புக்கு முன்னால் புற்றுநோயில் இறந்துபோனாள். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு அவள் செய்த கடைசித் தூள், ஜெர்மனியில் ஓர் ஆய்வுகூடத்துக்குப் பரிசோதனைக்குப் போனது. அது வேலை செய்யவில்லை என்று பதில் வந்தது. அப்படியானால் முந்தைய முடிவுகளும் பொய்ச் சோடனைதான் என்று நிலையத்தில் பேச்சுக் கிளம்பியது. அந்தப் பேச்சு படுக்கையில் கிடந்த ருஷ்தாவின் காதுக்கும் போனது.

“ராத்தா பொய் செல்ற ஆள் இல்ல,” என்று, நிலையத்தில் அவன் மீது முறைப்பாடு கொடுத்துவிட்டு வந்த ஜஹானா சொல்லியிருந்தாள். “அந்த மயூரதன்தான் எதையோ கலந்தீக்கான். ராத்தா போனா அவன்தான் அடுத்த தலைவர். கண்டுபிடிச்சுத் தாங்க.”

“இந்தத் தூள் என்ன வேல செய்யிறண்டு எனக்கு வெளங்குற மாதிரி செல்லுங்க தம்பி,” என்றார் ஹலீம்.

“ஐதரசனில ஓடுற எரிபொருட் கலம் எண்டு ஒண்டு இருக்கு, சேர். புகையில்லாமல் கரண்ட் தரும். ஆனா மலிவா எடுக்கிற ஐதரசனில காபனோரொட்சைட்டு எண்ட நச்சு வாயு கொஞ்சம் கலந்திருக்கும். அந்தக் கொஞ்சமே கலத்தின்ர மூச்சை அடைச்சுப்போடும். இந்தத் தூள் ஒரு வினையூக்கி. நஞ்சை மட்டும் பிடிச்சு எரிக்கும். ஐதரசனைத் தொடாது. ரெண்டுமே எரியிற வாயு எண்டபடியால் அதுதான் கஷ்டம்.”

“நெரிசல் பஸ்ஸில பிக்பொக்கட்காரனை மட்டும் பிடிச்சு இறக்கிவிடுற கொண்டக்டர்,” என்றாள் செசிலியா. “அப்பிடி ஒருத்தரை நான் இன்னும் சந்திக்கேல்லை.”

“ருஷ்தா அக்காவின்ர தூள் பிடிச்சது, மிஸ். நான் என்ர கண்ணால பாத்தனான்.”

“அப்ப கடைசித் தூளுக்கு என்ன நடந்த?” என்றார் ஹலீம்.

“உப்பு, சேர். தங்கத்தை ஒட்டவைக்கிற கரைசலில குளோரைட்டு இருக்கு. காய்ச்சி வடிச்ச தண்ணியில கழுவிக் கழுவி அதைப் போக்கவேணும். மிச்சமிருந்தால் தங்கம் ஒண்டோடொண்டு சேந்து கட்டியாப் போயிடும். பிறகு அது வெறும் மண்தான்.”

“அவ ஒழுங்காக் கழுவல்லயா?”

“அக்கா கழுவாமல் விடுற ஆள் இல்லை.”

சொல்லிவிட்டு மயூரதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஹலீம் ஜெர்மன்காரரின் அறிக்கையை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் வாசித்தார். “இதுல கல்சியமும் ஈக்குண்டு போட்டீக்காங்க. உங்கட தங்கக் கரைசல்ல கல்சியம் ஈக்கா?”

“இல்லை.”

“அப்ப அது எங்கால வந்த?”

ஹலீம் எழுந்து தட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கண்ணாடிச் சாமான்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டுப் பளபளத்தன. மேல்தட்டில் மட்டும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் தூசு படிந்து நின்றது. அவரைவிட உயரமான செசிலியா அதை எட்டி எடுத்தாள். உள்ளே காய்ந்திருந்தது. அடியில் மெல்லிய வெள்ளை வளையம்.

“எங்கட வீட்டுக் கேத்திலுக்குள்ளயும் இப்பிடித்தான்,” என்றாள். “புளி போட்டுத் தேய்ச்சாலும் போகாது.”

“காய்ச்சி வடிச்ச தண்ணி இப்பிடி வளையம் வெக்குமா, தம்பி?”

“வைக்காது.”

“இது யார்ட கேன்?”

“ருஷ்தா அக்காவின்ர. தூள் கழுவுற தண்ணிக் கேன்.”

“அந்த நேரம் அவவுக்குக் கேன் தூக்க ஏலாதுதானே? கீழ்மாடித் தண்ணி வடிக்கிற மெஷின்ல இருந்து யாரு நெரப்பிக் கொண்டு வந்த?”

மயூரதன் தரையைப் பார்த்தபடி மிகவும் அமைதியாகச் சொன்னான்.

“நான் எண்டே எழுதுங்கோ, சேர்.”

*

“ஒப்புக்கொண்டிட்டான்,” என்றாள் செசிலியா, வாசற்படிகளில் இறங்கும்போது. “மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் கேஸ் முடிஞ்சுது. இனி நான் கலியாணமே கட்டலாம், அவ்வளவு நேரம் கிடக்கு.”

“முடியல்ல.” ஹலீம் தன் பழைய வானின் கதவை இரண்டு முறை இழுத்துத் திறந்தார். “தப்பு செஞ்சவன் என்ன செய்வான்? கேனக் கழுவுவான், இல்லாட்டி வீசுவான். அந்தக் கூடத்துல கழுவாத சாமான் அது ஒண்டுதான். சரி, குத்தம் செய்யாதவன் என்ன செய்வான்? அதத் தூக்கிட்டுப் போய் விசாரணைக்காரன்ட மேசைல வெப்பான். ‘பாருங்க, தண்ணிதான் பிழை’ம்பான். இவன் ரெண்டும் செய்யல்ல. கழுவவும் இல்ல, காட்டவும் இல்ல.”

“அப்ப ஆரையோ காப்பாத்திறான்.”

“‘நான் செஞ்சேன்’ண்டு செல்லல்ல, பாத்தீங்களா. ‘நான் எண்டே எழுதுங்கோ’ண்டான்.”

வான் பேராதனையைத் தாண்டியது. செசிலியா அவர் பக்கம் திரும்பினாள்.

“சேர், அவனுக்கும் ருஷ்தாவுக்கும் இடையில ஏதும்...”

“அப்பிடியும் ஈக்கலாம். ஆனா ஜஹானா ஒண்டு செல்லிச்சு. புற்றுநோய் வருத்தம் வந்த பொறகு ராத்தாவ லெப்புக்குக் கூட்டிட்டுப் போனது, சாமான் தூக்கிக் குடுத்தது எல்லாம் மச்சான்தானாம். அவரப் பாத்துட்டு வருவோம். மடவளைல வீடு.”

“மடவளையில நல்ல சமோசா கிடைக்கும்.”

“அதையும் விசாரிப்போம்.”

*

ருஷ்தாவின் கணவன் நஸீபுக்கு மடவளைச் சந்தைக்குப் பக்கத்தில் செருப்புக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. ஹலீமைக் கண்டதும் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, இருவரையும் உள்ளே அழைத்துப் போனார். மெலிந்த மனிதர். சட்டை அவருக்கு ஓர் அளவு பெரிதாக இருந்தது, அண்மையில்தான் உடம்பு வற்றியிருக்க வேண்டும்.

“இரிங்க நானா. மேடம், இரிங்க. பிளேன்டீ போடட்டா?” என்றார், ஹலீமை அண்ணன் முறை வைத்து.

“போடுங்க,” என்றாள் செசிலியா. “சேருக்குச் சீனி வேண்டாம். எனக்கு அவரின்ர பங்கையும் சேத்துப் போடுங்கோ.”

நஸீப் சிரிக்க முயன்றார். தேநீரும் பேரீச்சம்பழமும் வந்தன. அலுமாரிக் கைப்பிடியில் வெள்ளை ஆய்வுகூட அங்கி ஒன்று, தேய்த்து மடிப்புக் கலையாமல் தொங்கியது. அதற்கு மேலே, அலுமாரியின் தலையில், கஃபாவின் படம் போட்ட ஒரு பிளாஸ்டிக் கேன்.

ஹலீம் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டார். “யாரு மக்காவுக்கு உம்ரா போய் வந்த?”

“எங்கட பெரிய நானா, முஹைதீன். அவ வருத்தமா ஈக்கக்குள்ள போய் வந்தாரு. அவளுக்காக அங்க கஃபாவச் சுத்துற தவாபுல அழுதாராம்.”

“ஸம்ஸம் ஒரு மொடக்கு கிடைக்குமா?”

“முடிஞ்சி, நானா.”

“முழுக் கேனுமா?”

“ஓ.”

ஹலீம் பழத்தின் கொட்டையைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்தார். செசிலியாவுக்கு அந்தப் பதிலில் ஒன்றும் தோன்றவில்லை. ஹலீமுக்குத் தோன்றியது. மக்காவின் ஸம்ஸம் ஊற்றுத் தண்ணீர் ஒரு வீட்டுக்கு வந்தால், வந்தவர்களுக்குச் சின்னக் கோப்பையில் ஒவ்வொரு மிடறு கொடுப்பார்கள். மிச்சத்தை மூடி வைத்து, காய்ச்சலுக்கு, பிரசவத்துக்கு, கடைசி மூச்சுக்கு என்று வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். யாரும் அதைச் சில மாதத்தில் கேனோடு தீர்ப்பதில்லை.

“எல்லாம் அவவுக்குக் குடிக்கக் குடுத்தீங்களா?”

நஸீபின் முகம் முதன்முறையாக இளகியது. “ஒரு விஷயம் செல்றேன் நானா. சிரிக்க வாணாம். அவ குடிக்க ஒரு போத்தல்ல எடுத்து வெச்சேன். மிச்சத்த அவட வேலைக்குக் குடுத்தேன்.”

“வேலைக்கா?”

“அந்தக் கடைசித் தூள் செஞ்ச கிழமை அவட கை நடுங்கும். சோறு உள்ளுக்குப் போகாது. ‘இத முடிச்சிட்டுத்தான் படுப்பேன்’ண்டு செல்லிட்டா. எனக்கு அவட படிப்பு வெளங்காது. செருப்பு விக்கிறவன். அங்க எனக்குத் தெரிஞ்ச ஒரே வேல தண்ணிக் கேன் தூக்கிக் குடுக்கிறது. கீழ மெஷின்ல தண்ணி நெரப்பக்குள்ள, ஓதி ஊதிட்டு, ஒவ்வொரு கேனுக்கும் ஸம்ஸமும் ஊத்தினேன். அவ கை படுற வேல பரக்கத்தா, நல்லபடியா முடியணும்ண்டு. அவளுக்குச் செல்லல்ல. செல்லியிருந்தா சிரிச்சீப்பா. அவட சிரிப்பு அப்பிடி.”

அவர் அங்கியைப் பார்த்தார். பிறகு ஹலீமைப் பார்த்தார்.

“ஏன் கேட்டீங்க?”

ஹலீம் செசிலியாவைப் பார்த்தார். ஏதாவது சொல்லி இந்தக் கணத்தைக் கடத்திவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

“சும்மா,” என்றார் ஹலீம். “தாகம்.”

*

வானில் ஏறியதும் செசிலியா சமோசாவைப் பற்றிப் பேசவில்லை.

“அம்மா கிடையில கிடக்கேக்க,” என்றாள், “மடு மாதா கோயில் மண்ணைக் கொண்டுவந்து தலையணைக்குக் கீழ வச்சனான். டொக்டர் குடுத்த கஞ்சியிலயும் ஒரு சிட்டிகை போட்டனான், ஒருத்தருக்கும் தெரியாமல்.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். “அந்தத் தண்ணியில உண்மையா உப்பு இருக்கா, சேர்?”

“மண்ணுக்குள்ள இருந்து வார எந்த ஊத்துத் தண்ணிலயும் உப்பு ஈக்கும். குடிக்கிறவனுக்கு அது நல்லது. தண்ணில பிழை இல்ல. அந்த மனுசன்லயும் பிழை இல்ல.” ஹலீம் சாவியைத் திருப்பவில்லை. “பிழை செஞ்ச ஆள் ஒருத்தனும் இல்லாத கேஸ எப்பிடி முடிக்கிறண்டு எனக்குத் தெரியல்ல, செசிலியா.”

பிற்பகலில் மயூரதனைப் பேராதனைச் சந்தியில் ஒரு தேநீர்க் கடைக்கு வரச் சொன்னார்கள். அவன் கலஹா பஸ்ஸில் வந்து இறங்கினான். உட்காருவதற்கு முன்பே ஹலீம் சொன்னார்.

“மடவளைக்குப் போனோம். ஸம்ஸம் கேனையும் பாத்தோம்.”

மயூரதன் உட்கார்ந்தான். “அவருக்குச் சொல்லிப்போட்டீங்களோ?”

“இல்ல. உங்களுக்கு எப்ப தெரியும்?”

“அக்கா சொல்லித்தான் தெரியும்.”

செசிலியாவின் கை கோப்பையில் நின்றது. “ருஷ்தாவுக்குத் தெரியுமா?”

“அந்தத் தூளை அவ ஒரு நாள் முழுக்கக் கழுவினவ, மிஸ். கழுவின தண்ணியில ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பாப்பம். உப்பு இருந்தால் பால் மாதிரிக் கலங்கும். ஒவ்வொரு தரமும் கலங்கினது. திரும்பக் கழுவுவா, திரும்பக் கலங்கும். கடைசியில, ‘என்ட கை மறந்துபோச்சு மயூரதன்’ எண்டு அழுதவ. தூளை அனுப்பவேண்டிய நாள் வந்திட்டுது, அப்பிடியே அனுப்பினது. கேன் தண்ணியைச் சோதிக்க எங்கள் ரெண்டு பேருக்கும் தோன்றேல்லை. அது மெஷின் தண்ணி எண்டு நம்பிப்போட்டம்.

“ஜெர்மனியில இருந்து பதில் வந்தாப் பிறகு, படுக்கையில விழ முதல், சாமானெல்லாம் எடுக்க ஒரு நாள் வந்தவ. கேனுக்குள்ள கொஞ்சத் தண்ணி கிடந்தது. அதில ஒரு துளி விட்டா. வெள்ளையாப் போச்சுது. வீட்டில ஸம்ஸம் ஏன் இவ்வளவு கெதியாக் குறைஞ்சது எண்டு இப்ப விளங்குது எண்டா. சிரிச்சவ, சேர். நல்லாச் சிரிச்சுப்போட்டு, என்னைப் பாத்து, ‘இத ஒருத்தருக்கும் செல்லமாட்டேண்டு வாக்குத் தாங்க’ எண்டா.”

“உங்கட பேர் கெட்டுப்போகுமே அக்கா எண்டு நீங்கள் சொல்லேல்லையா?”

“சொன்னனான், மிஸ். ‘எனக்கு நாள் கொஞ்சம்தான். அவர் நெறய நாள் ஈக்கணும். என்ட வேல அவர் கையால போச்சுண்டு நெனச்சுக்கொண்டு அவர் ஈக்க வாணாம்’ எண்டா.” அவன் முகத்தைத் துடைத்தான். “தண்ணி பிழையெண்டு மட்டும் சொல்லித் தப்பலாம்தான். ஆனா அடுத்த கேள்வி ஆர் ஊத்தினது எண்டுதானே. ஜஹானா என்னைச் சந்தேகிப்பா எண்டு அக்கா நினைச்சிருக்கமாட்டா.”

*

மறுநாள் காலை ஜஹானா அலுவலகத்துக்கு வந்தாள். பாடசாலைக்கு அரைநாள் லீவு போட்டிருந்தாள். ஜன்னலுக்குக் கீழே மகாவலி கலங்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஹலீம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மயூரதன் மீது பிழையில்லை, மெஷின் தண்ணீரில் ஏதோ கோளாறு, முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள், அவன் அதே முறையில் புதிதாகத் தூள் செய்து காட்டட்டும் என்று சொல்லிவிடுவது. அரை உண்மை. அதற்கு மேல் அவரால் யோசிக்க முடியவில்லை.

“மயூரதன் செய்யல்ல, மகள்,” என்று தொடங்கினார்.

“அப்ப யாரு?”

கதவு திறந்தது. நஸீப் நின்றார். கடை திறக்கும் நேரத்தில் அவரை அங்கே பார்த்த ஜஹானா, “மச்சான்?” என்று எழுந்தாள்.

நஸீப் அவளைப் பார்க்கவில்லை. “நேத்து இந்த மேடம் எங்கட வீட்டுக்கு வந்ததுல இருந்து பகிடி விட்டுட்டு ஈந்தாங்க,” என்றார் ஹலீமிடம். “நான் தண்ணியப் பத்திச் சொன்ன பொறகு ஒரு வார்த்த பேசல்ல. டீயும் குடிக்கல்ல. அதையே நெனச்சிட்டு ஈந்தேன். அந்தத் தண்ணிதானா, நானா?”

ஹலீம் பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். எத்தனையோ பொய்க்காரர்களுக்கு எதிரே உட்கார்ந்த மனிதர். அவருக்கு அது வரவில்லை.

“ஓ,” என்றார்.

நஸீப் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். ஜஹானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குச் செசிலியாதான் சொன்னாள், மிகச் சுருக்கமாக, ஒரு பகிடியும் இல்லாமல். கேட்டுக்கொண்டிருந்த ஜஹானாவின் முகம் கோபத்திலிருந்து வேறெங்கோ போய், அங்கேயே நின்றுவிட்டது.

“அவளுக்குத் தெரியுமா?” என்று நஸீப் கேட்டார்.

“தெரியும்,” என்றார் ஹலீம். “உங்களுக்குத் தெரிய வாணாம்ண்டு மயூரதன்ட வாக்கு வாங்கினா. அந்த வாக்குக்காகத்தான் அவன் இவ்வளவு நாளும் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு ஈந்தான்.”

“என்கிட்டயும் செல்லல்லயே,” என்றாள் ஜஹானா. “ராத்தா என்கிட்டயும் செல்லல்லயே.”

நஸீப் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

“காலைலயும் ராவும் அவளுக்கு அந்தப் போத்தல்ல இருந்து ஒரு கோப்பை குடுப்பேன்,” என்றார். “தெரிஞ்ச பொறகும் வாங்கினா. ஒரு நாளும் வாணாம்ண்டு செல்லல்ல. நான் ஓதி முடிக்கிறவரைக்கும் என்ட முகத்தயே பாத்துட்டு ஈந்து, ஆமீன் செல்லிக் குடிச்சா.”

கீழே வத்தேகம பஸ்ஸின் நடத்துநர் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தான். ஜஹானா எழுந்து வந்து மச்சானின் பக்கத்தில் நின்றாள். அவரைத் தொடவும் முடியாமல், விலகவும் முடியாமல், கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க வேணும்ண்டு செய்யல்ல மச்சான்,” என்றாள். “நான்தான் ஒரு பாவமும் செய்யாத மனுசன அந்தப் பேச்சுப் பேசினேன்.”

அவள் தன் போனை எடுத்து மயூரதனின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. “ஹலோ?” என்ற குரல் எல்லோருக்கும் கேட்டது. ஜஹானா வாயைத் திறந்தாள். “சேர், நான் ஜஹானா...” அதற்கு மேல் அவளால் முடியவில்லை. “ஹலோ, ஹலோ?” என்று மறுமுனை கேட்டுக்கொண்டேயிருந்தது.

நஸீப் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

“மயூரதன், நஸீப் பேசுறேன்,” என்றார். “ருஷ்தா உங்ககிட்ட ஒரு வாக்கு வாங்கினாளாம். அவட மாப்பிள்ள செல்றேன், இண்டைக்கோட அந்த வாக்கு முடிஞ்சி. விசாரணைக்கு நானும் வாரேன். ரெண்டு பேரும் ஒண்டாப் போய்ச் செல்லுவோம், அவ ஒழுங்காத்தான் கழுவினாண்டு.”

மறுமுனையில் மயூரதன் அழத் தொடங்கினான்.